சென்னை – லண்டன் விமானப் பயணம்: அம்மாவுக்காகப் போட்ட நேரக் கணக்கு

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். இந்த எண் என்றும் மாறாது. ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், எந்த மாதம், எந்தத் திசை, வழியில் எந்த நாட்டின் வான்வெளி மூடிக் கிடக்கிறது, எந்த ஊரில் விமானம் மாறுகிறீர்கள் என்பதையெல்லாம் கேட்ட பிறகே நான் பதில் சொல்வேன். நான் லண்டனில் வேலை பார்க்கிறேன்; அம்மா தாம்பரத்தில் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர், நெடுநேரம் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும். அவர் இங்கே வருவதும் திரும்புவதுமாக இருக்கும் இந்த ஆண்டுகளில், பயண நேரம் என்பது எங்கள் வீட்டில் ஊசிக்கும் உணவுக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்ற கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது. அதற்காகத் தேடித் தேடித் தெரிந்துகொண்டவற்றை, வயதான பெற்றோரை இந்த வழியில் அழைத்து வருபவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட்டைப் படிக்கும் விதம். அதில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு நேரங்களும் இரண்டு ஊர்களின் உள்ளூர் நேரங்கள். காலை 5.30 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு நண்பகல் 12 மணிக்கு லண்டனில் இறங்குவதாக இருந்தால், ஆறரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். இங்கிலாந்தில் கோடைக் காலமானால் அதோடு நான்கரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். உண்மையில் பயணம் பதினொரு மணி நேரம். குளிர்காலமானால் கூட்ட வேண்டியது ஐந்தரை மணி நேரம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே நகர்த்துகிறார்கள். இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. விமான நிறுவனங்களின் கோடைக்கால, குளிர்கால அட்டவணைகளும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் மாறுகின்றன. ஆகையால் பிப்ரவரியில் வந்தவர் ஏப்ரலில் திரும்பும்போது பழைய கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பாக மருந்து நேரத்தை எழுதிவைப்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

டிக்கெட்டில் உள்ள பயண நேரம் விமானம் வானில் இருக்கும் நேரம் மட்டுமன்று. புறப்படும் இடத்தில் நிறுத்தத்தை விட்டு நகரத் தொடங்குவது முதல், சேரும் இடத்தில் நிறுத்தத்தில் வந்து நிற்பது வரை உள்ள முழு நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடங்கும். பெரிய பயணிகள் விமானங்கள் உயரத்தை எட்டிய பிறகு மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. எந்த இரு ஊர்களுக்கும் நான் பயன்படுத்தும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: கிலோமீட்டரை 850 ஆல் வகுத்து, விடையோடு அரை மணி நேரத்தைக் கூட்டுவது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். இந்தக் கணக்கு சுமார் நான்கு மணி நேரம் என்கிறது, அது பெரும்பாலும் சரியாகவே வருகிறது. லண்டனுக்குப் போட்டால் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். லண்டனிலிருந்து சென்னைக்கு வரும்போது இது ஏறக்குறையப் பொருந்தும். சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும்போதோ பத்தரை மணி நேரத்திலிருந்து பதினொன்றரை வரைகூட ஆகிறது. ஒரே தூரத்துக்கு இரண்டு நேரங்கள் ஏன் வருகின்றன என்பதற்குக் காற்றும் வழியும் காரணம். வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் சென்னையையும் லண்டனையும் அளவுகோலால் இணைத்தால் கோடு அரேபியா வழியாகப் போவதுபோல் இருக்கும். உருண்டையான பூகோளத்தில் ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் அது அதைவிட வடக்கே வளைந்து செல்லும். பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி அந்த நூலின் வழிதான். பெருவட்டப் பாதை என்பார்கள். 8,230 என்ற எண்ணும் அந்தப் பாதையில் அளந்ததே. அது சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, தக்காணத்தையும் குஜராத்தையும் கடந்து, பாகிஸ்தானின் சிந்து, பலுசிஸ்தான் பகுதிகள், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், அஜர்பைஜான், காகசஸ் மலைகள், உக்ரைனின் தென்பகுதி, போலந்து, ஜெர்மனி, நெதர்லாந்து என்று போய் இங்கிலாந்தை அடைகிறது. 1932ஆம் ஆண்டு அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா தொடங்கிய தபால் விமானம், லண்டனிலிருந்து கராச்சி வரை வந்த கடிதங்களை அங்கிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்ததை நினைத்தால், இந்தப் பெருவட்டப் பாதை கராச்சிக்குச் சற்று வடக்கே செல்வது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.

இப்போது அந்தப் பெயர்களை மறுபடி படித்துப் பாருங்கள். வரிசையில் பாதிக்கு மேல் அண்மைக் காலச் செய்திகளில் அடிபட்ட இடங்கள். உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதற்கு மறுநாளே பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. 2019 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட பாகிஸ்தான் வான்வெளி ஜூலை நடுவில்தான் முழுமையாகத் திறந்தது. 2025 ஏப்ரல் 24 அன்று அது மீண்டும் மூடப்பட்டபோது தடை இந்திய விமானங்களுக்கு மட்டுமே இருந்தது. ஒரே நாளில் ஒரே ஊரிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய இந்திய விமானம் ஒரு வழியிலும் பிரிட்டிஷ் விமானம் வேறு வழியிலும் போக வேண்டியிருந்ததற்கு அதுவே காரணம். 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் போர் மூண்டபோது ஈரான், ஈராக் வான்வெளிகளும் மூடப்பட்டன. அந்த நாட்களில் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பறந்தவர்களுக்கு இரண்டு இடுக்குகளே எஞ்சின: வடக்கே ஆப்கானிஸ்தான், துர்க்மெனிஸ்தான், காஸ்பியன் கடல் வழி, தெற்கே சவூதி அரேபியா, எகிப்து வழி.

வழி 500 கிலோமீட்டர் கூடினால் பயணம் சுமார் முப்பத்தைந்து நிமிடம் நீளும். இளைஞர்களுக்கு அது இன்னொரு திரைப்படத்தின் பாதி. சர்க்கரை நோயாளிக்கும், ஹீத்ரோவில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் மான்செஸ்டருக்கோ எடின்பரோவுக்கோ அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கும் அது பெரிய நேரம். அதனால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, விமானங்களின் நகர்வைக் காட்டும் இணையச் செயலிகளில் ஒன்றில் நாங்கள் பதிவு செய்திருக்கும் விமானத்தின் எண்ணைப் போட்டு, கடந்த ஏழு நாட்களும் அது எந்த வழியாகச் சென்றது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அட்டவணை சொல்லும் நேரத்தைவிட அந்த ஏழு நாள் நேரங்கள் நம்பத் தகுந்தவை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

காற்றைப் பற்றி. வடகோளத்தின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வலுவான ஜெட் காற்றோட்டங்கள் வீசுகின்றன. குளிர்காலத்தில் அவற்றில் ஒன்று தெற்கே இறங்கி வட இந்தியாவின் மேலேயே ஓடுகிறது. லண்டனிலிருந்து வருபவர்களுக்கு அது பின்காற்று; லண்டன் போகிறவர்களுக்கு எதிர்காற்று. கணக்குக்காக வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், 900 கிலோமீட்டர் வேக விமானம் ஒரு திசையில் 960 ஆகவும் மறு திசையில் 840 ஆகவும் தரையைக் கடக்கும். 8,230 கிலோமீட்டருக்கு இது எழுபது நிமிடத்துக்கு மேற்பட்ட வேறுபாடு. கோடையில் இந்தக் காற்றோட்டம் வலுவிழந்து வடக்கே விலகிவிடுவதால் வேறுபாடு குறைகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கு மேலே உயர் வானில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் இன்னொரு ஜெட் காற்றோட்டம் உண்டு. அதை 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் கோடேஸ்வரம். அது பயணத்தின் தொடக்கத்தில் சிறு பகுதிக்கே துணைசெய்யும் என்றாலும், நம் தலைக்கு மேலே பருவத்துக்குப் பருவம் காற்று திசை மாறுவதை அறிந்துகொண்டது எனக்கு நிறைவளித்தது. எங்கள் வீட்டுக்கு இதிலிருந்து கிடைத்த பயன் எளியது: முடிந்தவரை அம்மாவை ஜனவரியில் மேற்கு நோக்கி அழைத்து வருவதைத் தவிர்த்து, மே மாதத்தில் அழைத்து வருகிறோம். குளிருக்குப் பயந்தே பலரும் இதைச் செய்கிறார்கள். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் குறைகிறது.

நேரடி விமானமா, மாறிப் போவதா என்ற கேள்விக்கு வருகிறேன். துபாய் வழியாகப் போனால் ஊரைச் சுற்றிப் போவதாக உறவினர் பலரும் நினைக்கிறார்கள். சென்னை–துபாய் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர், துபாய்–லண்டன் ஏறத்தாழ 5,500. இரண்டும் சேர்ந்து 8,430. நேர் வழியைவிட இருநூறு கிலோமீட்டர்தான் அதிகம். டெல்லி வழியும் கிட்டத்தட்ட அப்படித்தான். கொழும்பு வழி என்றால் முதலில் தெற்கே போய்ப் பிறகு வடமேற்கே திரும்ப வேண்டியிருப்பதால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும். ஆக, துபாய் வழியில் பயணம் பதினான்கு, பதினாறு மணி நேரமாக நீள்வதற்குக் காரணம் தூரம் அன்று, இறங்கிக் காத்திருந்து மறுபடி ஏறுவதே. அந்தக் காத்திருப்பை எத்தனை மணி நேரம் வைத்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு நான் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், ஐந்துக்கு மிகாமல் பார்த்து எடுப்பேன். ஒன்றரை மணி நேர இடைவெளியைக் காட்டி மலிவாகக் கிடைக்கும் டிக்கெட் முதியவர்களுக்கு ஆகாது. வீல்சேர் உதவி பெறுபவர்களைப் பெரும்பாலும் மற்ற பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகே இறக்குகிறார்கள். அதற்குள் அரை மணி நேரம் போய்விடும். இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பதிலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது டிக்கெட்டுக்கான பணம் போனதுதான்.

மாறிப் போவதில் ஒரு நன்மையும் உண்டு. இடையில் இறங்கி நடக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பயணங்களில் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்த ஆண்டில் துபாய் வழியைத் தேர்ந்தெடுத்தோம். நடக்கச் சிரமமில்லாத ஆண்டுகளில் நேரடி விமானத்தில் இடைவழிப் பக்க இருக்கையை முன்கூட்டியே பணம் கட்டிப் பிடித்துக்கொள்கிறோம். மருத்துவர் அளவெடுத்துத் தந்த அழுத்தக் காலுறையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் மெனக்கெட்டது சாப்பாட்டுக்கும் ஊசிக்கும்தான். முதல் முறை அம்மா கேட்ட கேள்வியே அதுதான்: "எத்தன மணிக்குடா சாப்பாடு குடுப்பாங்க?" தூரத்தைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை, அவர் கேட்டதற்குப் பதில் டிக்கெட்டில் எங்கும் இல்லை. இவ்வளவு நீண்ட பயணங்களில் விமானம் கிளம்பி ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓர் உணவும், இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இன்னொன்றும் தருவது பொதுவான வழக்கம். காலை 5.30க்குக் கிளம்பும் விமானத்தில், இந்திய நேரப்படி ஏழு மணியளவில் முதல் உணவு, பிற்பகல் இரண்டரை மணியளவில் இரண்டாவது. நடுவில் ஏழு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. வீட்டில் அவர் பதினொரு மணிக்கு ஏதாவது சாப்பிடுபவர். ஆகவே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நான்கும், பிஸ்கட்டும், சர்க்கரை திடீரென இறங்கினால் வாயில் போட குளுக்கோஸ் மாத்திரையும் கைப்பையில் இருக்கும்.

மேற்கு நோக்கிப் போகும் அன்றைய நாள் அவருக்கு இருபத்தெட்டரை மணி நேரம்; குளிர்காலமானால் இருபத்தொன்பதரை. திரும்பும்போது பகல் ஒரு மணிக்கு லண்டனில் கிளம்பினால் இந்திய நேரம் விடியற்காலை மூன்றரை அளவில் இறங்கிவிடலாம், ஆனால் அந்த நாள் பத்தொன்பதரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. நீண்ட நாளில் ஒரு வேளை உணவு கூடும், குறுகிய நாளில் ஒரு வேளை குறையும். இன்சுலின் அளவும் அதற்கேற்ப மாறக்கூடும். இதை நாமாக முடிவு செய்யக் கூடாது. நான் செய்வதெல்லாம், வீட்டை விட்டுக் கிளம்புவது முதல் லண்டனில் இரவு படுப்பது வரை ஒவ்வொரு உணவும் இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு தாளில் எழுதி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன் அம்மாவின் மருத்துவரிடம் கொடுப்பது. அவர் அதன் பக்கத்திலேயே ஊசியின் அளவையும் நேரத்தையும் எழுதித் தருகிறார். பயணம் முடியும் வரை அம்மா கைக்கடிகாரத்தை மாற்றுவதில்லை. இன்னும் இரண்டு விஷயங்களை மருத்துவர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். வானிலை குலுக்கினால் உணவு பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், தட்டு முன்னால் வந்த பிறகே உணவுக்கு முந்தைய ஊசியைப் போட வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் அது பயனற்றதாகிவிடும். கைப்பையில் மருத்துவரின் கடிதத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

விமானம் பறக்கும் பதினொரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதையும் சேர்த்தால்தான் ஒரு முதியவரின் பயண நேரம் தெரியும். 5.30 விமானத்துக்கு 2.30 மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அந்நேரத்தில் மெட்ரோ ரயில் ஓடாது, ஜி.எஸ்.டி. சாலை காலியாக இருக்கும், தாம்பரத்திலிருந்து கார் விரைவாகப் போய்விடும். அம்மா ஒரு மணிக்கே எழுந்துவிடுவார். லண்டன் பக்கத்தில் விமானம் நேரத்துக்கு வந்தாலும் உடனே இறங்குவதில்லை. ஹீத்ரோவைச் சுற்றி பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் என்ற நான்கு இடங்களுக்கு மேலே விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமிட்டுக் காத்திருக்கும்; பத்து நிமிடம், இருபது நிமிடம் அதில் போவது சாதாரணம். இறங்கிய பிறகு, பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தானியங்கி வாயிலில் நுழைந்துவிடலாம். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் அதிகாரியின் மேசைக்கு வரிசையில் நிற்க வேண்டும். வீல்சேர் உதவியைப் பயணத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பாவது பதிவு செய்திருந்தால் இந்த வரிசையில் பெரும்பாலும் நிற்க வேண்டி வராது. எல்லாம் கூட்டினால் தாம்பரத்து வாசலிலிருந்து லண்டன் வீட்டு வாசல் வரை பதினேழு, பதினெட்டு மணி நேரம். அம்மாவின் அன்றைய தினத்தை நான் அந்த எண்ணை வைத்துத்தான் திட்டமிடுகிறேன்.

தாமதமானால் கிடைக்கும் இழப்பீட்டிலும் தூரத்துக்கு வேலை உண்டு. பிரிட்டன் சட்டத்தில் இழப்பீட்டுத் தொகை பெருவட்டத் தூரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது: 1,500 கிலோமீட்டர் வரை 220 பவுண்டு, 3,500 வரை 350, அதற்கு மேல் 520. சென்னை மூன்றாவது வகையில் வரும். சேரும் இடத்தில் தாமதம் மூன்று மணி நேரத்தை எட்டினால் பாதித் தொகையும், நான்கை எட்டினால் முழுத் தொகையும் கேட்கலாம். சேர்ந்த நேரம் என்பது சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட நேரமன்று. கதவு திறந்த நேரம். மூன்று, நான்கு மணி நேர எல்லையை ஒட்டி வரும் தாமதங்களில் இவ்விரண்டுக்கும் இடையிலான பத்து நிமிடம்கூட முடிவை மாற்றிவிடும் என்பதால், கதவு திறக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. வான்வெளி மூடல், புயல் போன்ற காரணங்களுக்குப் பணம் கிடையாது. ஆனால் உணவும் தங்குமிடமும் அப்போதும் தந்தாக வேண்டும். லண்டனிலிருந்து கிளம்பும்போது இந்தச் சட்டம் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும், வளைகுடா வழியாகச் சென்னைக்கு ஒரே டிக்கெட்டில் போனாலும் கடைசி ஊருக்குச் சேர்ந்த நேரத்தையே பார்ப்பார்கள். சென்னையிலிருந்து கிளம்பும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில் வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

சென்னையில் அதிகாலையில் ஏறப்போகும் நேரடி விமானம், பெரும்பாலும் முந்தைய பகலில் லண்டனிலிருந்து கிளம்பி, சென்னையில் ஓரிரு மணி நேரம் நின்று திரும்பும் அதே விமானமாகத்தான் இருக்கும். அது லண்டனில் இரண்டு மணி நேரம் தாமதித்துக் கிளம்பினால் சென்னையிலும் தாமதம் உறுதி. லண்டனில் பகல் ஒன்று என்றால் தாம்பரத்தில் மாலை ஐந்தரை அல்லது ஆறரை. ஆகவே பயண நாளுக்கு முந்தைய மாலையில் அந்த விமானம் கிளம்பிவிட்டதா என்று பார்த்து, இரவு எட்டு மணிக்குள் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். தாமதம் என்றால் மருத்துவர் எழுதித் தந்த தாளில் ஒவ்வொரு நேரமும் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை நானே படித்துச் சொல்ல, அவர் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். வாடகைக் காருக்கும் அப்போதே நேரத்தை மாற்றிச் சொல்லிவிடுகிறோம்.